சித்தப்பாவுக்கு, டவுன்ஸ்வில்லிலிருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் இங்கே நலம். சித்தி, தம்பி எல்லோரும் நலமா? போனில் பேசும்போது, "அங்க கடல்ல முங்கி என்னத்தடா எடுக்கிற?" என்று கேட்டீர்கள். கப்பலில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது கரைக்கு வந்துவிட்டேன், ஆற அமர எழுதுகிறேன்.

சங்கும் இல்லை, முத்தும் இல்லை. பெரும்பாலும் கணக்குத்தான் எடுக்கிறோம். இங்கே ஆஸ்திரேலியாவில் கிரேட் பேரியர் ரீஃப் என்று 2,300 கிலோமீட்டருக்கு முருகைக்கல் பார்களாகவே, அதாவது பவளப்பாறைகளாகவே கிடக்கிறது. அதில் குறித்து வைத்த இடங்களுக்கு ஆராய்ச்சிக் கப்பல்கள் திரும்பத் திரும்பப் போகும். கீழே 50 மீட்டர் டேப் விரிப்போம். மீன் எண்ணுகிறவர்தான் முதலில் போவார். டேப்பை விரித்த பிறகு போனால் பாதி மீன் ஓடிவிடும் அல்லவா? பின்னால் வருகிறவர் தரையைப் படம் எடுத்துக்கொண்டே வருவார். பேச்சுக் கிடையாது, கைச் சாடைதான். எழுத வேண்டியதைப் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுவோம். கேமரா வைத்த இயந்திரங்களும் இறங்கத்தான் செய்கின்றன. ஆனால் கல்லிடுக்கில் நகத்தளவு முளைத்திருக்கும் குஞ்சு முருகையைக் கண்டுபிடிக்க இன்னும் மனுஷக் கண்ணும் கையும்தான் வேண்டியிருக்கிறது.

எனக்குப் பிடித்த வேலை டிரில் போடுவது. போரைட்டிஸ் என்று ஒரு முருகை, பெரிய குண்டுப் பாறையாக வளரும். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் ஏறும். உயிர் இருப்பதெல்லாம் மேலே சில மில்லிமீட்டர் தோலில், உள்ளே முழுக்க சுண்ணாம்பு. படகிலிருந்து ஹோஸ் இறக்கி, இரண்டு பேர் டிரில்லைப் பிடித்து நேராக உள்ளே இறக்குவோம். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிடும், பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியாது. கல் உருளையைத் துண்டு துண்டாக உருவி எடுத்ததும், ஓட்டையில் சிமென்ட் அடைப்பான் வைத்து மூடுவோம். இல்லையென்றால் துளைக்கிற பூச்சிகள் குடியேறிவிடும். நாளாவட்டத்தில் முருகை அதன்மேல் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும்.

அந்த உருளையைக் கரையில் மெல்லிய பலகையாக அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் வரிவரியாகத் தெரியும். அடர்ந்த வரி ஒன்று, அடர்த்தி குறைந்தது ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம். மூன்று மீட்டர் உருளை கிடைத்தால் முந்நூறு வருஷக் கடல் கையில் இருக்கிறது! கரையோரம் எடுத்த கல்லைப் புற ஊதா விளக்கில் பிடித்தால் நீலமாக ஒளிரும் கோடுகள் தெரியும். பர்டெகின் ஆறு பெருவெள்ளமாக வந்து கலந்த வருஷங்கள் அவை. மழை அளக்க ஆள் இல்லாத காலத்து வெள்ளத்தைக்கூட இதை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். நம் தாமிரபரணி முகத்துவாரப் பக்கமும் இப்படி ஒரு கல் கிடைக்காதா என்று யோசிப்பேன். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் எத்தனை முருகைக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நவம்பரிலிருந்து மே வரை பெட்டிச் சொறி என்கிற விஷ ஜெல்லி மீன் வரும். பட்டால் ஆளையே கொன்றுவிடும். அதனால் தலையிலிருந்து கால் வரை மூடிய உடுப்புப் போட்டுத்தான் இறங்குவோம். சித்தியிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். இங்கே ஜோடி இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. மேலே ஒருவர் எங்கள் நேரத்தையும் ஆழத்தையும் எழுதிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் உடுப்போடு தயாராக உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஆக்சிஜன் பெட்டி இருக்கும். முதலில் எனக்கே இது வீண் ஆர்ப்பாட்டமாகப் பட்டது, பிறகுதான் காரணம் புரிந்தது. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து ஏறுகிறது. சடாரென்று மேலே வந்தால், கோலி சோடாவை உடைத்தது மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டில் தங்கினால் வலி, முதுகுத்தண்டில் தங்கினால் கால் விளங்காது. அதனால்தான் நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறமாட்டோம், ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டு வருவோம். நீங்கள் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அந்தத் தோள்வலியும் இதுதானோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு நல்ல டாக்டரிடம், படகுக் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக மூச்சு இழுத்துச் சங்கு குளித்த கதையையும் சேர்த்துச் சொல்லிக் காட்டுங்கள்.

தம்பி இப்போது அதே கம்ப்ரஸர் படகில்தான் போகிறானாம். போகாதே என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கம்ப்ரஸர் காற்று இழுக்கிற வாய், எஞ்சின் புகைக்குழாய்ப் பக்கம் இருக்கவே கூடாது, காற்று வரும் திசையில் தள்ளி வைக்க வேண்டும். ஏறும்போது அவசரப்படக் கூடாது. கை கால் மரத்தாலோ மூட்டு வலித்தாலோ மறுபடி இறங்கிச் சரிசெய்யப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் கேட்கச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். முங்கிய கையோடு விமானம் ஏறக் கூடாது என்பதால் ஒரு நாள் கழித்துத்தான் கிளம்புவேன். தம்பிக்கு டைவ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வாட்ச் மாதிரி கையில் கட்டிக்கொள்ளலாம். வேகமாக ஏறினால் கத்தும். விலையை மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்