படிக்கட்டை இடித்து பார்க்கிங் எதற்கு? நகரமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரமைப்புக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கட்டடம் கட்டினாலோ அதன் உபயோகத்தை மாற்றினாலோ இத்தனை கார்களுக்காவது இடம் காட்ட வேண்டும் என்னும் குறைந்தபட்ச பார்க்கிங் விதியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது ஒரு சின்ன மனையில் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவின் அச்சகம் மூடிய பிறகு, அந்தத் தரைத்தளத்தை ஒரு பல் மருத்துவருக்கு வாடகைக்கு விட நினைத்தோம். கட்டட உபயோகம் மாறுகிறது, நான்கு கார்களுக்கு இடம் காட்டு என்று வரைபடம் திரும்பி வந்தது. கட்டடமோ மூன்று பக்கமும் மனை எல்லை வரை நிற்கிறது. அதிகாரி சிவப்பு மையில் போட்ட நான்கு கட்டங்களில் இரண்டு, படிக்கட்டின் மேலேயே விழுகின்றன. மாடியில் அம்மா இருக்கிறார். அவர் இறங்கி வர அந்தப் படிக்கட்டை விட்டால் வேறு வழியில்லை. எங்கள் வீட்டில் காரே கிடையாது. வரப்போகும் நோயாளிகளும் பெரும்பாலும் நடந்து வரக்கூடிய தெருக்காரர்கள்தான். ஆனாலும் தரைத்தளம் பூட்டியே கிடக்கிறது.

ஒரு கார் நிற்க சுமார் 12.5 சதுர மீட்டர் வேண்டும். உள்ளே வந்து திரும்பி வெளியேறும் வழியைச் சேர்த்தால் 25 ஆகிவிடும். அதில் ஒரு சிறிய வீடே கட்டலாம். பெரிய கட்டுமான நிறுவனம் நிலத்தடியில் பார்க்கிங் தளம் தோண்டி, அந்தச் செலவை வீட்டு விலையில் ஏற்றிவிடும். சின்ன மனைக்காரர் என்ன செய்வார்? கட்டாமல் விட்டுவிடுவார், இல்லையென்றால் விற்றுவிட்டுப் போவார். அப்புறம் கட்டுப்படியாகும் விலையில் வீடே இல்லை என்று எல்லோரும் கூடிப் பேசுகிறோம்.

கடைகளை ஒரு மண்டலத்திலும் வீடுகளை வேறு மண்டலத்திலும் பிரித்து வைத்ததும் உங்கள் விதிகள்தான். ஒரு மாத்திரை வாங்கவே வண்டி எடுக்க வைத்துவிட்டு, அந்த வண்டிக்கு இடம் எங்கே என்று எங்களைக் கேட்பது நியாயமே இல்லை.

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: சிறிய மனைகளுக்கும் பழைய கட்டடங்களுக்கும் குறைந்தபட்ச பார்க்கிங் விதியை நீக்குங்கள். லண்டன் 2004-இல் இந்தக் குறைந்தபட்சத்தைக் கைவிட்டது. மெக்சிகோ நகரம் 2017-இல் அதை அதிகபட்ச வரம்பாகவே மாற்றியது. தெரு முழுக்க வண்டிகள் நிறைந்துவிடும் என்ற உங்கள் கவலை புரிகிறது. ஜப்பானில் 1962-இல் வந்த சட்டப்படி, கார் வைத்திருப்பவர்தான் அதை நிறுத்த இடம் இருப்பதைக் காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பை இங்கேயும் கார்காரரிடம் கொடுங்கள். தெருவில் நிறுத்தினால் கட்டணம் வாங்குங்கள். கார் இல்லாதவரின் வீட்டை இடிக்கச் சொல்லாதீர்கள்.

விதிகளைத் திருத்தும் அடுத்த கூட்டத்துக்குச் சிறு மனைக்காரர்களையும் வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அதுவரை, பார்க்கிங்கைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிய சிறு விண்ணப்பங்களை மறுபரிசீலனைக்கு எடுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு மனை உரிமையாளர்