குல்மார்க்கை அரை நாளில் எடைபோட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பகுதியில், காஷ்மீரின் பனிமலை ஊரான குல்மார்க் போய் வந்த வாசகர்களின் கருத்துகளைத் தொகுத்து வெளியிட்டிருந்தீர்கள். ‘கூட்டம் தாங்கவில்லை’, ‘எதற்கெடுத்தாலும் காசு’, ‘மலை உச்சி வரை போகவே முடியவில்லை’, ‘ஒருமுறை பார்த்தால் போதும்’ என்று அவர்களில் பலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் பட்ட சிரமத்தை நான் மறுக்கவில்லை, நானும் பட்டிருக்கிறேன். ஆனால் முப்பது ஆண்டுகளாகத் தில்லியில் குடியிருந்து, குளிர்காலத்தில் பனி பார்க்க ஆசைப்பட்டு ஊரிலிருந்து வரும் உறவினர்களைக் காஷ்மீருக்கு வழியனுப்பியும் உடன் அழைத்துப் போயும் வருகிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் குறைகளில் முக்கால்வாசி குல்மார்க்கின் குறைகள் அல்ல. ஸ்ரீநகரிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடும் ஒரு பகல் பயணத்தின் குறைகள்.

அந்த ஒரு பகல் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் கடைசி 13 கிலோமீட்டர், டங்மார்க்கிலிருந்து ஏறும் மலைப்பாதை. பனி கொட்டிய நாளில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாத வண்டி அதில் ஏற முடியாது. பெரும்பாலும் டங்மார்க்கில் இறங்கி உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். அங்கேயே வாடகைக்கு ரப்பர் பூட்ஸும் கோட்டும் எடுக்க வேண்டும். அளவு பார்த்து மாட்டி முடிப்பதற்குள், வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பம் என்றால் ஒரு மணி நேரம் போய்விடும். மேலே போய்ச் சேரும்போது பதினொன்று, பதினொன்றரை. இருட்டுவதற்கு முன் இறங்கியாக வேண்டும் என்று வண்டிக்காரர் மூன்றரைக்கே அவசரப்படுத்துவார், அது நியாயமும்கூட. மிஞ்சுவது நான்கு மணி நேரம். அதற்குள் கொண்டோலா என்னும் கம்பிவழிப் பயணம், ஸ்லெட்ஜ் என்னும் பனிப் பலகைச் சவாரி, பனிச்சறுக்கு, சாப்பாடு, படம் எடுப்பது எல்லாம் நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், எந்த மலைதான் மனத்துக்கு நிறைவாக இருக்கும்?

கொண்டோலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வாசகர்களின் கோபத்தில் பெரும்பகுதி அதன்மீதுதான் விழுந்திருக்கிறது. அது இரண்டு கட்டங்களாக மேலே போகும் கம்பிவழி. குல்மார்க்கிலிருந்து கோங்தூரி வரையிலான முதல் கட்டம் 1998-இலும், அங்கிருந்து அஃபர்வாட் மலையின் தோள் வரை, அதாவது ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்குப் போகும் இரண்டாம் கட்டம் 2005-இலும் திறக்கப்பட்டன. ஆறு பேர் உட்காரும் சிறு பெட்டிகள்; மணிக்குச் சுமார் 600 பேரைத்தான் அது ஏற்றிச் செல்லும். ஸ்ரீநகரில் அன்று காலை கிளம்பிய எல்லா வண்டிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் வரிசை நீளாமல் என்ன செய்யும்? அதோடு மேலே காற்று பலமாக வீசினால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தத்தான் வேண்டும். 2017 ஜூன் மாதத்தில் பலத்த காற்றில் மரம் ஒன்று முறிந்து கம்பியில் விழுந்து, ஏழு பேர் உயிரிழந்ததை மறந்துவிட முடியாது. காற்றின் காரணமாக மேலே போக முடியாமல் திரும்பியவர்கள் ஏமாற்றம் அடைவது இயல்பு. ஆனால் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று எழுதுவது சரியல்ல.

உயரத்தையும் நம் மக்கள் சரியாக உணர்வதில்லை. நம் தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். குல்மார்க்கின் புல்வெளியே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதாவது தமிழ்நாட்டின் மலையுச்சி எங்கே முடிகிறதோ அங்கேதான் அந்த ஊர் தொடங்குகிறது. அங்கிருந்து பெட்டியில் ஏறினால், பயண நேரமாக அரை மணிகூட ஆகாமல், இன்னும் 1,300 மீட்டர் மேலே போய்விடுகிறோம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. முந்தின நாள் மாலைதான் சென்னையிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய அறுபது வயதுக்காரருக்கு அங்கே தலை சுற்றுவதும் மூச்சு வாங்குவதும் வியப்பல்ல. தங்கள் வாசகர் ஒருவர், மேலே போனதும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்று வருந்தி எழுதியிருந்தார். ஒரே ஓர் இரவு குல்மார்க்கில் தங்கிவிட்டு மறுநாள் காலை நிதானமாக ஏறியிருந்தால், அந்த அம்மாவுக்கு அவ்வளவு சிரமம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி நடுவில் திருநெல்வேலியிலிருந்து வந்த என் சித்தியையும் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். தில்லியில் நான் பணம் கட்டிய பயண முகவர் அச்சடித்துக் கொடுத்த தாளில், ‘மூன்றாம் நாள்: குல்மார்க், பனி விளையாட்டுகள், கொண்டோலா’ என்று ஒரே வரிதான் இருந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொண்டோலாவுக்குச் சீட்டு தனி என்றோ, அதை முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டும் என்றோ, டங்மார்க்கில் வண்டி மாற்ற நேரலாம் என்றோ ஒரு சொல் இல்லை. அந்த ஜனவரியில் காஷ்மீரில் பனியே பெய்யவில்லை என்று எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்துகொண்டிருந்தது. நான் தொலைபேசியில் கேட்டபோது, ‘குல்மார்க்கில் எப்போதும் பனி இருக்கும், கவலையே வேண்டாம் மேடம்’ என்றார் அவர்.

போய் நின்றபோது எங்கள் முன்னால் இருந்தது காய்ந்த பழுப்புப் புல். டிசம்பர் 21-இலிருந்து நாற்பது நாள் நீளும் ‘சில்லை கலான்’ என்ற கடுங்குளிர்க் காலத்தின் நடுவில், அந்தப் புல்வெளியில் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஸ்லெட்ஜ் பலகைகள் ஒரு கொட்டகைச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சித்தி புதிதாக வாங்கிய கம்பளிக் கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, “ஊட்டியே இதைவிடப் பச்சையா இருக்கும்டி” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நடுநிலக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் வரும் மேற்கத்தியக் காற்றுச் சலனங்கள்தான் காஷ்மீருக்குப் பனியைக் கொண்டுவருகின்றன. அந்த ஆண்டு ஜனவரிக் கடைசி வரை அவை பொய்த்துவிட்டன. பிப்ரவரித் தொடக்கத்தில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளையே 21-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த ஆண்டும் பனிக்குறைவால் போட்டிகள் மார்ச்சுக்குப் போயின. ஆகவே ‘பனி உறுதி’ என்று தில்லியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்லக்கூடாது. சித்திக்குக் குல்மார்க்கைப் பற்றிய தவறான எண்ணம் அந்த மேசையில்தான் உருவாயிற்று.

‘எதற்கெடுத்தாலும் காசு’ என்ற குறைக்கு வருகிறேன். இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், என் மாமியாரோடு பிப்ரவரியில் போனபோது, வண்டி நின்றதும் ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒருவர் கேட்ட தொகையைப் பாதியாக்கிப் பேசி முடித்தோம். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டோம். அவர் கயிற்றைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு, முழங்கால் புதையும் பனியில், என் மாமியாரை உட்காரவைத்து ஏற்றத்தில் இழுத்துப் போனார். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோதுதான் அவருடைய பூட்ஸைப் பார்த்தேன். பக்கவாட்டில் கிழிந்திருந்தது, உள்ளே ஈரம் ஏறாமலிருக்கக் காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தார். மாமியாரின் கைகள் விறைத்துப்போயிருப்பதைக் கண்டு, தம் ஃபிரன் அங்கிக்குள் வைத்திருந்த காங்க்ரியை, அதாவது பின்னல் கூடைக்குள் இருக்கும் அந்தக் கணப்புச் சட்டியை எடுத்து, “மாஜி, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று அவர் மடியில் வைத்தார். கூடையின் ஒரு பக்கம் கருகியிருந்தது. இறங்கி வந்தபின் அவர் முதலில் கேட்ட தொகையை முழுதாகக் கொடுத்தோம்.

எல்லோரும் அவரைப்போல என்று நான் சொல்லவில்லை. வழிமறித்து வற்புறுத்துகிறவர்கள் உண்டு. வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் இரட்டிப்பாகக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் பனி இருக்கும் சில வாரங்கள்தான் அவர்களுக்கு அறுவடைக் காலம். அந்தச் சில வாரங்களும் 2024-ஐப் போலப் பொய்த்துப்போகலாம். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு பயணிகள் வரவே அஞ்சிய மாதங்களில் அந்தக் குடும்பங்கள் என்ன செய்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்லெட்ஜுக்கு, குதிரைக்கு, வழிகாட்டிக்கு என்ன கூலி என்பது பயணி வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அவர் கையில் எழுத்தில் இருந்தால், பேரம் பேச வேண்டிய நிலைமையே இரு தரப்புக்கும் பெருமளவு குறைந்துவிடும். ஒரு நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் இறங்குகிறவரிடம்தான் யாரும் எதையும் விற்க முடிகிறது.

2025 மார்ச் நடுவில் மூன்றாம் முறை போனேன். இம்முறை என் தங்கை மகனோடு, குல்மார்க்கிலேயே மூன்று இரவு தங்கினேன். அதே ஊரா என்று தோன்றியது. நான்கு மணிக்குமேல் சங்கிலி கட்டிய வண்டிகள் வரிசையாகச் சடசடத்து இறங்கிப் போனபின், அந்தக் கிண்ணம் போன்ற வெளி முழுவதும் அமைதியாகிவிடுகிறது. காலை ஒன்பதுக்கு முன்பே கொண்டோலா நிலையத்துக்கு நடந்து போய்விட்டோம்; கூட்டம் சேர்வதற்குள் மேலே இருந்தோம். வானம் தெளிந்திருந்த அந்தக் காலையில் வடக்கே, 8,126 மீட்டர் உயரமுள்ள நங்க பர்வதம் தெரிந்தது. பகல் பயணிகள் வரும் நேரத்தில் பெரும்பாலும் மேகம் மூடிவிடுகிறது என்று உடன் வந்த வழிகாட்டி சொன்னார். மறுநாள் காற்று அடித்து இரண்டாம் கட்டம் நின்றது. எங்களுக்கு அது பெரிதாகத் தோன்றவே இல்லை. நாளைக்குப் போனால் ஆயிற்று.

பையன் இரண்டு நாள் பனிச்சறுக்குப் பழகினான். ஒரு சிறு சரிவில், பலகைகளின் முன்முனைகளை ஒன்றோடொன்று நெருக்கி, பின்பக்கத்தை அகல விரித்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதைத்தான் முதலில் கற்றுத் தருகிறார்கள். முதல் நாள் எண்ண முடியாத அளவு விழுந்தான். இரண்டாம் நாள் பிற்பகல், அந்தச் சிறு சரிவில் மேலிருந்து கீழ்வரை விழாமல் வந்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்த அந்த முகம், ஒரு பகல் பயணத்தில் கிடைத்திருக்காது. பணம் கொடுத்துப் பத்து நிமிடம் பலகையில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வதைப் ‘பனிச்சறுக்கு செய்தோம்’ என்று எழுதுகிறார்கள். அதை வைத்து அந்த விளையாட்டையோ அந்த இடத்தையோ மதிப்பிட முடியாது.

நாங்கள் தங்கிய விடுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்திருந்தவர்களும் இருந்தார்கள். வாரக்கணக்கில் தங்கி, பனி பெய்வதற்காகக் காத்திருந்து, பெய்த மறுநாள் அஃபர்வாட்டின் கன்னிப்பனியில் சறுக்குவதற்காகவே அவ்வளவு தூரம் வருகிறார்கள். அவர்கள் ஊரில் டஜன் கணக்கில் இழுவைக் கம்பிகளும், இரவோடிரவாக இயந்திரம் வைத்துச் சமன்செய்த சரிவுகளும் உண்டு. இங்கே மலை பெரும்பாலும் மலையாகவே விடப்பட்டிருக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அதே காரணத்தால் ஆபத்தும் மெய்யானது: 2010 பிப்ரவரியில் பயிற்சியில் இருந்த 17 ராணுவ வீரர்களை அங்கே பனிச்சரிவு கொண்டுபோனது, 2024 பிப்ரவரியிலும் ரஷ்யப் பயணி ஒருவர் இறந்தார். எல்லைக் கயிற்றைத் தாண்டிப் படம் எடுக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குல்மார்க் பற்றி எழுதும்போது, கருத்துச் சொல்பவர் எத்தனை இரவு அங்கே தங்கினார், எந்த மாதம் போனார் என்ற இரண்டு விவரங்களை அவர் பெயருக்குக் கீழே சேர்த்து அச்சிடுங்கள். அதோடு, நவம்பரில், மக்கள் முன்பதிவு செய்யும் நேரத்தில், பயண முகவரிடம் என்னென்ன எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள்: கொண்டோலாச் சீட்டு தொகையில் அடங்குமா, பனி இல்லாவிட்டால் தேதியை மாற்றித் தருவார்களா, டங்மார்க்கிலிருந்து மேலே போகும் வண்டிக்கு யார் பணம் கொடுப்பது, குல்மார்க்கில் எத்தனை இரவு. தில்லியில் உள்ள எங்களைப் போன்றவர்கள் அதை வெட்டி எடுத்து ஊருக்கு அனுப்பிவைப்போம்.

சித்தியிடம் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். வரும் பிப்ரவரிக் கடைசியில் மீண்டும் வருகிறார். ஸ்ரீநகரில் ஓர் இரவு, குல்மார்க்கில் மூன்று இரவு. கையுறை அதே கையுறைதான், பத்திரமாக வைத்திருக்கிறாராம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஆர்.கே.புரம், புது தில்லி.