வைத்த செட்டிங் நிற்காத ப்ரொஜெக்டர்: ஐந்தாவது முறையாக எழுதும் புகார்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்துக்காக நான்கு முறை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நான்குக்கும் வந்தது ஒரே பதில்: "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது." பதிவானதை யாராவது படித்தார்களா என்று தெரியவில்லை. அதனால்தான் இந்த முறை நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் புகைப்படக்கலை சொல்லிக்கொடுப்பவள். மாணவர்கள் எடுத்த படங்களைத் திரையில் போட்டு, எல்லோரும் சேர்ந்து பார்த்துப் பேசுவதுதான் என் வகுப்பு. அதற்காகவே உங்கள் ப்ரொஜெக்டரை வாங்கி மேற்கூரையில் தலைகீழாக மாட்டினேன். முதல் ஏழு மாதம் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு நீங்கள் அனுப்பிய மென்பொருள் அப்டேட்டைப் போட்டேன். அன்றைக்குப் பிடித்தது வினை.

படத்தின் ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேனை 'ஆஃப்' என்றும், கேபிளில் வரும் கறுப்பு-வெள்ளை அளவை எப்படி எடுத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் ஹெச்டிஎம்ஐ வீடியோ ரேஞ்சை 'ஃபுல்' என்றும் வைக்கிறேன். படம் அருமையாக வருகிறது. அணைத்துப் போட்டால் இரண்டும் 'ஆட்டோ'வுக்குப் போய்விடுகின்றன. அணைக்கக்கூட வேண்டாம், கேபிளைக் கழற்றி இன்னொரு லேப்டாப்பில் மாட்டினாலே போதும். ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் லேப்டாப்பை மாட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் நான் ரிமோட்டோடு நிற்க வேண்டும். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர் டெம்பரேச்சர் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. இவை இரண்டு மட்டும்தான் நிற்பதில்லை. உங்கள் கருவி, உங்கள் மெனு. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதே இல்லை என்றுதான் நினைத்தேன்.

ஆனால் உங்கள் உதவி எண்ணில் பேசியவர் என்ன சொன்னார் தெரியுமா? "இருட்டுக்குள்ள உங்களுக்கு என்ன மேடம் தெரியணும்? படம் வருதா இல்லையா?" இதைச் சொல்லிவிட்டு, நான் பதில் சொல்லும் முன்பே இணைப்பைத் துண்டித்துவிட்டார். இருபது நிமிடம் இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்ததற்குக் கிடைத்த மரியாதை அது.

இருட்டுக்குள் என்ன தெரிய வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். என் மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் படம் எடுத்திருந்தாள். கதவோரம் உட்கார்ந்து துணி தைக்கிறார். வெளிச்சம் முகத்தில் மட்டும் விழுகிறது. நிழலில் இருக்கும் கையில் ஊசியும் நூலும் மங்கலாகத் தெரியும். இடது ஓரத்தில் ஒரு குழந்தை எட்டிப் பார்க்கிறது. லேப்டாப்பில் எல்லாம் இருக்கிறது. திரையில் கை முழுக்கக் கறுப்பு, ஊசி இல்லை, குழந்தையின் பாதி முகம் இல்லை. மற்றவர்கள் "கம்போசிஷன் சரியில்லை" என்றார்கள். அந்தப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். குற்றம் அவளுடையது அல்ல, உங்கள் 'ஆட்டோ'வுடையது.

கேபிள் கோளாறு என்று ஒருவர் சொன்னார். புதுக் கேபிள் வாங்கினேன். பிரைட்னஸைக் கூட்டுங்கள் என்றார் இன்னொருவர். கூட்டினேன், கறுப்பு சாம்பலானதே தவிர ஊசி வரவில்லை. வேறொருவர் கீஸ்டோனைச் சரிசெய்யச் சொன்னார். படம் கோணலாக விழுந்தால் அல்லவா கீஸ்டோன்? என் ப்ரொஜெக்டர் திரைக்கு நேராக இருக்கிறது, கீஸ்டோன் பூஜ்ஜியத்தில் இருக்கிறது. அப்புறம் ஃபேக்டரி ரீசெட். அதை மூன்று பேர் மூன்று முறை செய்யச் சொன்னார்கள். ரீசெட் செய்தால் மேற்கூரை அமைப்பும் சேர்ந்து அழிந்து, மெனு உட்பட எல்லாம் தலைகீழாகிவிடும் என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? கழுத்தைத் திருப்பிக்கொண்டு தலைகீழ் எழுத்தைப் படித்துப் படித்து மூன்று முறையும் நானேதான் சரிசெய்தேன்.

நானே சோதித்தும் பார்த்தேன். 1920-க்கு 1080 அளவில் ஒரு படம் செய்து, ஓரத்திலிருந்து 10, 20, 30 புள்ளி என்று கோடுகள் போட்டேன். 'ஆட்டோ'வில் 40 வரை ஒரு கோடும் தெரியவில்லை. நான்கு பக்கமும் வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் எழுத்தும் கூர்மை இழக்கிறது. 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரை சாம்பல் நிறப் படிகளைப் போட்டால் 16-க்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்பு, 235-க்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளை. லேப்டாப் 0 முதல் 255 வரை அனுப்புகிறது, உங்கள் கருவி அதை 16 முதல் 235 வரை என்று எடுத்துக்கொள்கிறது. இந்தப் படங்களை நான்கு மின்னஞ்சலிலும் இணைத்திருந்தேன்.

சரி, நேரிலாவது கேட்போம் என்று விடுப்பு எடுத்து, ப்ரொஜெக்டரைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். லேப்டாப்பை நீட்டினேன், வாங்கவே இல்லை. உள்ளே இருக்கும் டெஸ்ட் பேட்டர்னைப் போட்டு, கட்டங்கள் சரியாக இருக்கின்றன என்று சொல்லி, பத்து நிமிடத்தில் "குறை ஏதும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பேட்டர்ன் கருவிக்குள்ளேயே உருவாவது. கேபிள் வழியாக வருவதே இல்லை. அதில் எப்படி இந்தக் குறை தெரியும்? அந்த ஒரு நாள் எனக்குத் திரும்பி வருமா?

இரண்டு மாத வகுப்பு முழுவதும் பாழாகிவிட்டது. என் கண்ணையே மாணவர்கள் சந்தேகப்படும் நிலைக்கு வந்துவிட்டேன். ஒரு ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன போக வேண்டும்?

தயவுசெய்து இதை ஒரு பொறியாளரிடம் கொடுங்கள். பழைய மென்பொருளையே திரும்பப் போட்டுக் கொடுத்தாலும் எனக்குப் போதும். முடியாது என்றால் வேறு கருவி கொடுங்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வரவில்லை என்றால், உங்கள் சர்வீஸ் சென்டர் கொடுத்த தாளையும் என் சோதனைப் படங்களையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆனால் "இருட்டுக்குள்ள என்ன தெரியணும்" என்று கேட்டவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த அழைப்பின் பதிவு உங்களிடமே இருக்கும், போட்டுக் கேளுங்கள்.

பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சோதனைப் படங்கள், சர்வீஸ் சென்டர் தாள், முந்தைய நான்கு மின்னஞ்சல்கள்