லெவோர் கவாலாவை எங்கே தொடங்குவது

அன்பு மகளுக்கு,

அயர்லாந்தில் யார் யார் அடுத்தடுத்து வந்து குடியேறினார்கள் என்று சொல்லும் பூர்வ கதையான 'லெவோர் கவாலா'வை முதல் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் படிக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம்மா, குழம்பிப் போவாய். 11ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாதவர்கள் தொகுத்தது அது. இன்று கிடைக்கும் மிகப் பழைய படி 12ஆம் நூற்றாண்டு லெய்ன்ஸ்டர் சுவடியில் இருக்கிறது. பாலிமோட், லெகான் சுவடிகள் அதற்கு இருநூறு ஆண்டுக்கும் மேல் பிந்தியவை. எழுதியவர்கள் அவரவர் பங்குக்குச் சேர்த்தும் வெட்டியும் இருக்கிறார்கள்.

நீ வாங்கிய மெக்காலிஸ்டர் பதிப்பில் (1938–1956, 5 தொகுதி) ஒரே பகுதியின் வெவ்வேறு பாடங்கள், அதாவது சுவடிக்குச் சுவடி மாறும் வடிவங்கள், அடுத்தடுத்து வரும். தொடர்ச்சி என்று நினைத்துவிட்டால் ஒரே ஆள் இரண்டு முறை சாவான்! மேற்கோள் எடுக்கும்போது பக்க எண் மட்டும் போதாது, எந்தப் பாடம், எத்தனையாவது பத்தி என்பதையும் குறித்துக்கொள். செய்யுள்களை அவர் ஒவ்வொரு பகுதியின் கடைசியில் தள்ளிவிட்டார். நீ அவற்றை முதலில் படி. பல இடங்களில் பாட்டுதான் மூத்தது. உரைநடை அதை விரித்துச் சொல்கிறது.

இடைச்செருகலைப் பிடிக்க ஒரு வழி, 9ஆம் நூற்றாண்டு 'ஹிஸ்டோரியா பிரிட்டோனம்' என்ற லத்தீன் நூலோடு ஒப்பிடுவது. அதில் அயர்லாந்துக் குடியேற்றம் பார்த்தோலோன் என்ற தலைவனிலிருந்துதான் தொடங்கும். பிரளயத்துக்கு 40 நாள் முன்பு 50 பெண்களோடும் 3 ஆண்களோடும் வந்து இறங்கிய நோவாவின் பேத்தி கெஸர் அதில் இல்லை.

இந்தக் கதையில் ஸ்பெயின் எதற்கு வருகிறது என்று கேட்டிருந்தாய். ஸ்பெயினில் பிரெயோகன் என்ற அரசன் கட்டிய கோபுரத்தில் ஏறி, ஒரு குளிர்கால மாலையில் ஈத் என்பவன் அயர்லாந்தைக் கண்டான் என்கிறது கதை. அந்தக் கடற்கரையிலிருந்து அயர்லாந்து கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர். எந்தக் கண்ணுக்கும் எட்டாது. ஆனால் 5ஆம் நூற்றாண்டில் ஒரோசியஸ் என்ற லத்தீன் வரலாற்றாசிரியர், ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள பிரிகாந்தியாவின் உயர்ந்த கலங்கரை விளக்கத்தையும் அயர்லாந்தையும் ஒரே அத்தியாயத்தில் பேசுகிறார். பிறகு செவில் நகர ஆயர் இசிடோர், அயர்லாந்தின் லத்தீன் பெயரான 'ஹைபெர்னியா'வை ஸ்பெயினைக் குறிக்கும் 'ஐபீரியா'வோடு முடிச்சுப் போட்டார். மடத்துத் துறவிகள் இந்த இரண்டையும் வைத்துத்தான் குடியேற வந்தவர்களின் ஊர்வலத்தையே ஸ்பெயின் வழியாக விட்டார்கள் என்பது என் கணக்கு.

சுவடிப் படங்களை டப்ளின் உயராய்வு நிறுவனத்தின் 'ஐரிஷ் ஸ்கிரிப்ட் ஆன் ஸ்கிரீன்' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 7 போலத் தெரிவது எண் இல்லை, 'உம்' என்பதற்கான சுருக்கம். எழுத்தின் தலைமேல் கோடு இருந்தால் பெரும்பாலும் ன் அல்லது ம் விடுபட்டிருக்கும்.

இந்த வாரம் கெஸர் பகுதியை மட்டும் எடு. ஒரோசியஸில் முதல் புத்தகம், இரண்டாம் அத்தியாயம் போதும்.

அப்பா