கல்லை எடுத்த கைகளையும் குறிப்பட்டையில் எழுதுங்கள்

கிழக்காசியக் கலைக்கூடங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம்.

சீனத்து அறிஞர்கள் தங்கள் எழுத்தறைகளிலும் தோட்டங்களிலும் வைத்துப் போற்றிய கற்களை நீங்கள் அக்கறையோடு காட்சிப்படுத்துகிறீர்கள். அவற்றின் அருகிலுள்ள குறிப்பட்டைகளை விடாமல் படிக்கும் பார்வையாளர்களில் நானும் உண்டு. சுண்ணாம்புக்கல், மரப் பீடம், சிங் மரபுக் காலம் என்று ஒரு வரி இருக்கும். தாவோ மெய்யியலில் வெறுமைக்கு உள்ள இடத்தையும், கையளவுக் கல்லில் ஒரு மலையையே காணும் பார்வையையும் பற்றி இரண்டு வரிகள் வரும். இயற்கையே சிற்பியாகி வடித்த வடிவம் என்று முடிப்பார்கள். என் முறையீடு அந்தக் கடைசி வரியைப் பற்றியது. கற்களைக் கொண்டாடிய அந்த மரபே அப்படி எழுதவில்லை.

12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தூ வான் என்பவர் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வகைகளை விவரித்து ஒரு பதிவேடு தொகுத்தார். சூஜோ நகருக்கு அருகிலுள்ள தாய்ஹூ ஏரியின் துளைகள் நிறைந்த கற்கள் எப்படிக் கிடைத்தன என்பதை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். ஆட்கள் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு ஆழமான நீருக்குள் இறங்கினார்கள். அது கடும் உழைப்பு என்று அவரே குறிப்பிடுகிறார். விந்தையான பகுதியாகப் பார்த்து வெட்டி, பெருங்கயிற்றால் பிணைத்து, மேலே நிற்கும் பெரிய படகில் மரச்சட்டம் நிறுத்தி, சுழற்றி இழுத்துக் கரையேற்றினார்கள். வடிவம் ஓரளவு அமைந்திருந்த கல்லை மேலும் செதுக்கித் தேய்த்து, மறுபடி நீரில் போட்டு, உளித்தடம் மறையும்வரை அலையடிக்க விட்டார்கள். அன்ஹுயி மாநிலத்தின் லிங்பி கற்களைப் பற்றியும் அவர் இதே போல எழுதுகிறார். அவை மண்ணுக்கு அடியில் செம்மண் அப்பிக் கிடப்பவை. குழி தோண்டி எடுத்தவற்றை இரும்புக் கத்தியால் இரண்டு மூன்று முறை சுரண்டி, பீங்கான் பொடி தொட்டுத் துடைப்பத்தால் தேய்த்த பிறகே, தட்டினால் கணீரென ஒலிக்கும் அந்தக் கரிய கல் வெளிப்பட்டது.

இவ்வளவையும் எழுதிய மனிதர் கற்களை வெறுத்தவர் இல்லை, அவற்றின் மேல் பித்துக் கொண்டவர். கைவேலையை ஒப்புக்கொண்டதால் அவருடைய ரசனை குறைந்துவிடவும் இல்லை. மெலிவு, சுருக்கம், ஊடுவழி, துளை என்று நல்ல கல்லுக்கு நான்கு குணங்களை வகுத்தவராகச் சொல்லப்படும் ஓவியரும் எழுத்துக்கலைஞருமான மி ஃபூவின் காலம் 1051 முதல் 1107 வரை. ஒரு பாறையைக் கண்டதும் அலுவல் உடையோடு வணங்கி அதை 'அண்ணா' என்று அழைத்தவர் அவர். அந்த நிகழ்ச்சி உங்கள் பட்டைகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. இடம்பெறட்டும், சுவையான கதைதான். அந்த அண்ணன் ஊர் வந்து சேர்ந்த வழியும் பக்கத்தில் இருந்தால் என்ன?

இந்த ரசனையின் தொடக்ககால ஆவணங்களில் ஒன்று, கவிஞர் பாய் ஜூயி 843இல் எழுதிய தாய்ஹூ கற்கள் பற்றிய கட்டுரை. அவருடைய நண்பரும் பேரரசின் முதன்மை அமைச்சராக இருந்தவருமான நியு செங்ரு கற்களை விருந்தினரைப் போல வரவேற்றார், சான்றோரைப் போல மதித்தார், மணிகளைப் போலக் காத்தார், பிள்ளைகளைப் போல நேசித்தார் என்று கட்டுரை சொல்கிறது. மேற்கோள் காட்ட எல்லாரும் எடுப்பது இந்த இடத்தைத்தான். அதே கட்டுரையில் வேறொரு செய்தியும் இருக்கிறது. அந்தக் கற்களை அனுப்பியவர்கள் ஏரியும் ஆறும் சூழ்ந்த மாநிலங்களை ஆண்ட அவருடைய கீழ் அதிகாரிகள். மேலவரின் ஆசை எதுவென்று தெரிந்துகொண்டு தேடித் தேடி அனுப்பினார்கள். மற்றவற்றில் கை நீட்டாத அமைச்சர் இந்த ஒரு பொருளில் மட்டும் மறுப்புச் சொல்லவில்லை என்பதைப் பாய் ஜூயி நட்போடும் மெல்லிய கிண்டலோடும் பதிவு செய்கிறார். கல்லைப் பற்றிய மெய்யியலும் கல் கைமாறிய விதமும் அவருக்கு ஒரே கட்டுரைக்குள் அடங்கின. உங்கள் பட்டையில் முதலாவது மட்டும் தங்கிவிட்டது.

முந்நூறு ஆண்டுகளுக்குள் அந்த ஆசை அரசின் திட்டமாகவே ஆனது. வட சோங் பேரரசர் ஹுய்சோங் தலைநகர் கைஃபெங்கில் செயற்கை மலையோடு கூடிய ஒரு தோட்டத்தை எழுப்பினார். அதற்குத் தென்னாட்டிலிருந்து மரங்களையும் பாறைகளையும் படகு வரிசைகளில் கொண்டுவரும் பொறுப்பு சூஜோவைச் சேர்ந்த ஜூ மியன் என்பவரிடம் இருந்தது. நல்ல கல்லோ மரமோ இருக்கும் வீட்டுக்குள் அவருடைய ஆட்கள் நுழைந்து அதன்மேல் மஞ்சள் முத்திரை இடுவார்கள். அந்த நொடி முதல் அது பேரரசரின் உடைமை. வீட்டுக்காரர் சரியாகப் பாதுகாக்கவில்லை என்றால் அரச அவமதிப்புக் குற்றம் அவர் தலையில் விழும். எடுத்துச் செல்லும் நாளில் சுவரையும் கூரையையும் இடித்தே வெளியே கொண்டுபோவார்கள். ஒரு மாபெரும் தாய்ஹூ கல்லை ஏற்றிச் செல்ல ஆயிரக்கணக்கானோர் உழைத்ததையும், வழியில் நீர்வாயில்களும் பாலங்களும் பிரிக்கப்பட்டு நகர மதில்கள் உடைக்கப்பட்டதையும் சோங் மரபின் அதிகாரபூர்வ வரலாறு சொல்கிறது. 1120இல் ஃபாங் லா தலைமையில் வெடித்த கிளர்ச்சிக்கு ஜூ மியன் மீதான வெறுப்பு ஒரு முக்கியக் காரணம். அதன்பின் சில ஆண்டுகளில் வடக்கிலிருந்து வந்த ஜுர்சென் மக்களின் படை கைஃபெங்கை முற்றுகையிட்டபோது, நகரைக் காத்தவர்கள் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த பாறைகளை உடைத்துக் கவண்பொறிகளில் வைத்து எறிந்தார்கள். 1127இல் வட சோங் ஆட்சி முடிந்தது.

இவ்வளவையும் ஒரு பட்டையில் எழுத இடம் ஏது என்று கேட்பீர்கள். முழு வரலாற்றையும் நான் கேட்கவில்லை. எந்த ஏரி, எந்த மலை, உளி பட்டதா, அடிப்பாகம் அறுக்கப்பட்டதா, எந்த ஆண்டில் யாரிடமிருந்து உங்கள் கைக்கு வந்தது என்பவற்றுக்கு மூன்று வரிகள் போதும். அந்தந்தக் கல்லின் அடிவிளிம்புக்கு ஏற்பக் குடைந்து செய்யப்படும் மரப் பீடம் கல்லை நிமிர்த்தி நிறுத்துவதோடு, அறுத்த பரப்பு இருந்தால் அதையும் மறைத்துவிடுகிறது. ஜப்பானில் கல் சேர்ப்போரிடையே அடியை அறுத்த கல்லை ஏற்பதா தள்ளுவதா என்பது இன்றும் சூடான வாக்குவாதம். உங்கள் பேழைக்கு முன்னால் நிற்பவருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரிய வழியில்லை.

இன்னொன்று, கல்லின் பின்பக்கம். மிங் காலத்தில் மி வான்ஜோங் என்ற அதிகாரி தம்மிடம் இருந்த ஒரே ஒரு லிங்பி கல்லைப் பத்துக் கோணங்களில் வரைந்து தரும்படி ஓவியர் வூ பின்னிடம் கேட்டார். 1610இல் முடிந்த அந்தச் சுருளோவியம் 2020இல் பெய்ஜிங் ஏலத்தில் 51 கோடி யுவானுக்கு மேல் விலைபோனது. கல்லுக்கு ஒரு முகம் போதாது என்று அன்றே கருதியிருக்கிறார்கள். நீங்களோ பெரும்பாலும் கல்லைச் சுவரோடு ஒட்டி வைத்து ஒற்றை முகத்தையே காட்டுகிறீர்கள்.

பின்பக்கத்தில் என்ன இருக்கும் என்பதற்குக் ஜப்பானில் கியோத்தோ நகரின் ரியோவான்ஜி என்ற ஜென் பௌத்தக் கோயில் நல்ல சான்று. அங்கே வெண்சரளைப் பரப்பில் 15 கற்கள் இருக்கின்றன. விறாந்தையில் எங்கு அமர்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. சுவரை ஒட்டிய ஒரு கல்லின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருப்பது அவ்வளவாகத் தெரியாது. ஒன்று கோதாரோ. மற்றதன் முதலெழுத்து தேய்ந்துபோய், 'ஜிரோ' என்ற முடிவு மட்டும் தெளிவாக இருக்கிறது. அவர்கள் கவாராமோனோ எனப்பட்ட ஆற்றங்கரை மக்களாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. தோல் பதனிடும் தொழிலால் தீட்டுடையோர் என ஒதுக்கப்பட்ட அந்த மக்கள்தான் கல் நகர்த்தும் வேலையையும் தோட்ட வேலையையும் செய்தார்கள். (இதைத் தமிழில் படிப்பவர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.) அவர்களிடையே பிறந்த சென்னமி, 15ஆம் நூற்றாண்டில் ஷோகுன் என்ற படைத்தலைமை ஆட்சியாளராக இருந்த அஷிகாகா யோஷிமாசாவின் மதிப்பைப் பெற்ற தோட்டக் கலைஞராக உயர்ந்தார். ஜென் அமைதியை விளக்க எத்தனையோ பக்கங்கள் செலவாகியுள்ள இடத்தில் இந்த மூவரின் பெயர்களுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிதாக இருக்கிறது.

கைபட்டது தெரிந்தால் கல்லின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற தயக்கம் உங்களிடையே இருக்கக்கூடும். ஏலச்சந்தைக்கு வேண்டுமானால் அந்தக் கவலை பொருந்தும். பொதுப்பணத்தில் இயங்கும் அருங்காட்சியகத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. நீர் குடைந்தது எவ்வளவு, உளி குடைந்தது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாத ஒரு துளையின் முன் நின்று யோசிப்பதில் உள்ள இன்பம், இயற்கை மட்டுமே செய்தது என்று நம்பிவிட்டுப் போவதில் இல்லை.

ஆகவே, காட்சிக்கூடத்தை அடுத்து மாற்றியமைக்கும்போது பேழைகளைச் சுவரிலிருந்து நகர்த்தி, சுற்றிவர இடம் விடுங்கள். பீடத்திலிருந்து கல்லைத் தூக்கி எடுத்த ஒரு நிழற்படத்தைப் பக்கத்தில் வையுங்கள். லிங்பி கல் இருந்தால், அதைத் தட்டும் ஒலியைப் பதிவுசெய்து கேட்க விடுங்கள். ஏரிக்குள் இறங்கியவர்களைப் பற்றித் தூ வான் எழுதிய வரிகளைத் தாய்ஹூ கல்லின் குறிப்பட்டையில் அப்படியே சேர்த்துவிடலாம். மூல நூலுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் கூடங்களுக்கு வந்துபோகும் ஒரு பார்வையாளர்