ஒரு விரல் வணக்கம்

அன்புள்ள மகளுக்கு,

எதிரே வரும் வண்டிக்கெல்லாம் தாத்தா ஏன் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துகிறார் என்று உன் மகன் கேட்டதாகச் சென்ற வாரம் சொன்னாய். நாம் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்து அந்தச் சிற்றூரை விட்டு ரெஜைனா நகருக்குக் குடிவந்தபோது உனக்கு எட்டு வயதுதான் என்பதால், அவனுக்குச் சொல்ல வேண்டியதை உனக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1969 ஆகஸ்டில் கணித ஆசிரியராக நான் அங்குப் போய்ச் சேர்ந்தபோது, ஊருக்கு முன்னால் கண்ணில் பட்டது எலிவேட்டர்தான். ரயில் பாதையோரம் மரத்தால் ஏழெட்டு மாடி உயரத்துக்குக் கட்டப்பட்ட தானியக் களஞ்சியம் அது. குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிச் சென்றவர் அன்றே வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவே எட்டு, பத்து மைலுக்கு ஒரு நிலையம் அமைத்தார்கள் என்று அங்கே எடை போட்ட பெரியவர் எனக்கு விளக்கினார். நிலத்தையும் மைலுக்கு மைல் சதுரமாக அளந்திருந்தார்கள். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டாலர் கட்டி 160 ஏக்கர் பெற்றவர்கள் அந்த நிலத்திலேயே வீடு கட்டிப் பயிரிட வேண்டியிருந்ததால், வீடுகள் நெருங்கித் தெருவாகவே இல்லை. பக்கத்து வீட்டு விளக்கு தாழ்ந்திருக்கும் ஒரு நட்சத்திரம் போலத் தெரியும். அளந்து பிரிப்பதற்கு முன்பு அது க்ரீ என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்த நிலம் என்பதை வகுப்பில் நான் ஒரு நாளும் சொன்னதில்லை; அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

நாங்கள் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையின் பழைய வீட்டில் குடியிருந்தோம். தொலைபேசி ஏழு வீடுகளுக்குப் பொதுவான ஒரே கம்பி. இரண்டு குட்டை மணியும் ஒரு நெட்டை மணியும் அடித்தால் அழைப்பு எங்களுக்கு. அடுத்தவர் பேச்சை எடுத்துக் கேட்கும் அந்த ஊர் வழக்கத்தை உன் அம்மா தொடக்கத்தில் வெறுத்தாள். 1972 ஜனவரியில் இரண்டு நாள் வீசிய பனிப்புயல் ஓய்ந்து, ஃபாரன்ஹீட்டில் சொன்னாலும் செல்சியசில் சொன்னாலும் ஒன்றேயான மைனஸ் 40 குளிர் இறங்கிய இரவில் அவளுக்கு வலி கண்டது. நான் மருத்துவமனையோடு பேசியதை யாரோ கேட்டிருக்கிறார்கள். எஞ்சினைச் சூடாக வைத்திருந்த மின்கம்பியைப் பிடுங்கி நான் வண்டியைக் கிளப்புவதற்குள், பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரோடு வாசலுக்கு வந்துவிட்டார். நெடுஞ்சாலை வரை ஆறு மைலும் அவர் பனியை ஒதுக்கிக்கொண்டே போக, அந்தப் பின்விளக்கை மட்டுமே பார்த்து நான் ஓட்டினேன். விடியும் முன் நீ பிறந்தாய். மருத்துவமனைச் செலவை 1947-லும் மருத்துவர் கட்டணத்தை 1962-லும் பொதுக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்த மாகாணம் அது. சேமிப்பு எதுவுமற்ற எங்களுக்கு அதன் அருமை அன்று தெரிந்தது.

அதன் பிறகு உன் அம்மா அந்தக் கம்பியைக் குறை சொன்னதே இல்லை. அக்டோபரில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் அறுவடை விருந்தில் எல்லோருக்கும் வான்கோழிதான் என்றாலும், உக்ரேனிய வழிவந்த பெண்கள் அவளுக்காகப் பன்றிக்கொழுப்புச் சேர்க்காத பெரோகி கொண்டுவருவார்கள். உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை என்று அவள் அதற்குப் பெயர் வைத்தாள். மறு ஆண்டு அவள் கொண்டுபோன எலுமிச்சைச் சாதம் அரை மணி நேரத்தில் தீர்ந்தது.

ரயிலில் தானியம் அனுப்ப 1897 முதல் ஏதோ ஒரு வடிவில் இருந்துவந்த சலுகைக் கட்டணம் 1995-ல் நின்றது. கிளைப் பாதைகள் மூடப்பட்டன, கான்கிரீட்டில் பெரிய களஞ்சியங்கள் எழுந்தன, மர எலிவேட்டர்களை ஒவ்வொன்றாக இடித்தார்கள். நம் ஊரில் இன்று அதன் அடித்தளம் மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. பள்ளியும் இல்லை.

உன் மகனிடம் இப்படிச் சொல்: அந்தச் சாலையில் எதிரே வருபவர்தான், உன் வண்டி பனியில் புதைந்தால் நிறுத்திக் கேட்கப்போகிறவர், அவரைப் பார்த்துவிட்டேன் என்று தெரிவிக்கவே தாத்தா விரலை உயர்த்துகிறார்.

டிசம்பரில் வரும்போது அவனை அங்கே அழைத்துப்போக நினைக்கிறேன். நீ வாடகைக்கு எடுக்கும் வண்டியின் முன்புறத்தில் மின்கம்பி வெளியே தொங்குகிறதா என்று பார்த்து வாங்கு. போர்வை, தீப்பெட்டி, ஒரு தகரக் குவளையில் மெழுகுவத்தி மூன்றையும் நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா