மேசை போடுவதற்கு முன்னால்

பாப்பா,

அடுத்த மாதம் நம் கோயில் மண்டபத்தில் நடக்கிற மருத்துவ முகாமில் இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) ரத்தக் கொதிப்பும் பார்க்க உனக்கும் ஒரு மேசை என்று அப்பா சொன்னார். நம் ஊர் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்த பிறகுதான் பெற்றவளுக்குத் தெரிகிறது, சரி போகட்டும். ஜொகூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பார்க்கிறவளுக்கு நான் வேலை சொல்லித்தரத் தேவையில்லைதான். ஆனால் வார்டில் நோயாளி கட்டிலிலேயே இருப்பார், இங்கே சாப்பாட்டு வரிசை நகர்ந்தால் எழுந்து போய்விடுவார். இத்தனை காலம் தோட்டம் தோட்டமாக மிஸ்ஸி (நர்ஸ்) வேலை பார்த்தவள் என்கிற முறையில் எழுதுகிறேன்.

முதலில் கை. பூசை முடிந்து பஞ்சாமிர்தம் வாங்கித் தின்ற விரலை அப்படியே நீட்டுவார்கள். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்துவிட்டுக் குத்தினால் விரலில் ஒட்டிய இனிப்பும் சேர்ந்து மெஷினில் ஏறிவிடும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வரச் சொல். கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்று கேட்டுச் சீட்டில் எழுது. ரத்தத்தில் இனிப்பு வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல், மற்ற நேரத்தில் 11.1 அல்லது அதற்கு மேல் வந்தால் கட்டாயம் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும், ஆனால் "உங்களுக்கு இனிப்பு நீர்" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடாதே. நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு டாக்டர் சொல்லட்டும்.

ரத்தக் கொதிப்புக்கு ஐந்து நிமிடமாவது உட்கார வை. மோட்டாரை நிறுத்திவிட்டு, சிகரெட்டை அணைத்துவிட்டு நேராக வந்து கையை நீட்டுகிறவருக்கு ஏறாமல் என்ன செய்யும்?

எண்ணைச் சத்தமாகப் படிக்காதே. "இனிப்பு பதினாறா!" என்று நீ சொன்னால் வரிசை முழுக்கக் கேட்கும், அப்புறம் அந்த ஆள் கிளினிக் பக்கமே வரமாட்டார். எழுதிக் கையில் கொடு.

எனக்கு முக்கியமாகப் படுவது மாத்திரை விஷயம். "மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். மறுத்துப் பேசாதே, யாருக்குப் போனது என்று கேள். டயாலிசிஸ் செய்கிற மாமா ஒருத்தர் கதை வரும். கதையை முழுசாகக் கேட்டால் அவர் பல வருடம் மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டிருப்பார். கிட்னியை மெல்ல மெல்லக் கெடுத்தது கட்டுப்படாத இனிப்பும் கொதிப்பும். கிட்னி பழுதான பிறகு டாக்டர் மெட்ஃபார்மின் என்கிற இனிப்பு நீர் மாத்திரையைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். சனங்கள் பார்ப்பது அந்தக் கடைசிக் காட்சியைத்தான், அதனால் பழி மாத்திரை மேல் விழுகிறது. இதை இப்படியே சொன்னால் புரிந்துகொள்வார்கள், நம்மவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை.

சீனியே போடுவதில்லை என்கிறவரிடம் பால் எது என்று கேள். சீனி கலந்த டின் பாலை இரண்டு கரண்டி ஊற்றிய தே தாரேக் டீயை அவர் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டார்.

2019 தேசிய ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4 என்று வந்தது. போஸ்டரில் பெரிதாகப் போடப் போகிறார்களாம். எனக்கு அதில் இஷ்டமில்லை. "எல்லாருக்கும்தானே இருக்கு" என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே இனிப்பு நீர் உள்ளவர்களைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்கைப் பார். செம்பனைக் காட்டில் முள் குத்தியதுகூடத் தெரியாமல் நடக்கிற கால்கள் நிறைய உண்டு.

சீட்டில் எண்ணோடு எந்த கிளினிக், என்றைக்குள் போக வேண்டும் என்பதையும் எழுது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) என்று சொல். பி40 என்கிற குறைந்த வருமானக் குடும்பத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அரசாங்கத்தின் பேக்கா பி40 இலவசப் பரிசோதனையைப் பற்றியும் சொல்லிவிடு, கேள்விப்படாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குத்திய ஊசிகளைக் கழித்துப் போடுகிற மஞ்சள் டப்பாவுக்கு ஏற்பாட்டுக்காரர்களிடம் இப்போதே சொல்லி வை, அன்றைக்குக் கேட்டால் மினரல் வாட்டர் போத்தலை நீட்டுவார்கள். மேசையையும் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் போட விடாதே. பஸ் டிக்கெட் எடுத்ததும் அப்பாவுக்கு ஒரு போன் போடு.

அம்மா